பி.டி. பீரியடில் மரத்தடியில் உட்காரும் பிள்ளைக்கும் ஒரு பிரிவு உண்டு

பி.டி. பீரியட் மணி அடிக்கும். மொத்த வகுப்பும் மைதானத்துக்கு ஓடும். ஒரு பிள்ளை மட்டும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் செருப்பையும் தண்ணீர் பாட்டிலையும் பார்த்துக்கொண்டிருக்கும். "அவனுக்குக் கால் சரியில்லைங்க சார், விழுந்திடுவான்" என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். "சரிங்கம்மா, பத்திரமா உட்காரட்டும்" என்று பள்ளியும் விட்டிருக்கும். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் ஆறாம் வகுப்பில் மரத்தடிக்குப் போன பிள்ளை, பன்னிரண்டாம் வகுப்பு முடிகிற வரைக்கும் அங்கேயே இருந்துவிடுகிறது.

பனமரத்துப்பட்டி மாதிரி ஊர்களில் இது சாதாரணக் காட்சி. விடியற்காலையில் அரளி பறிக்கத் தோட்டத்துக்குப் போகிற பெற்றோருக்கு, பிள்ளை பத்திரமாக வீடு திரும்பினால் போதும். விளையாட்டில் அந்தப் பிள்ளைக்கென்று தனிப் பிரிவு, தனிப் போட்டி, தனிப் பதக்கம் இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்தக் கட்டுரை அதைத்தான் சொல்லப் போகிறது.

நம்ம மாவட்டத்துப் பையன்

மாரியப்பன் தங்கவேலு பெயரைக் கேள்விப்படாதவர் சேலம் பக்கத்தில் இருக்க மாட்டார். பெரியவடகம்பட்டிக்காரர். ஐந்து வயதில் பள்ளிக்கு நடந்து போகும்போது பேருந்து மோதி, வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. அம்மா காய்கறி விற்றும் கூலி வேலை பார்த்தும் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

பள்ளியில் அவரை யாரும் மரத்தடியில் உட்கார வைக்கவில்லை. கைப்பந்து விளையாடிக்கொண்டிருந்த பையனை, அவருடைய உடற்கல்வி ஆசிரியர்தான் உயரம் தாண்டுதலுக்குத் திருப்பிவிட்டார். 14 வயதில், மாற்றுத்திறன் இல்லாத மாணவர்களோடு போட்டியிட்டு இரண்டாம் இடம் பிடித்தார். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசியப் போட்டியில் 2013-ல் பயிற்சியாளர் சத்யநாராயணா அவரைக் கவனித்தது அதற்குப் பிறகுதான்.

2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். டோக்கியோவில் 1.86 மீட்டர், வெள்ளி. 2024 பாரிஸில் 1.85 மீட்டர், வெண்கலம். பத்மஸ்ரீ, கேல் ரத்னா விருதுகள் வந்தன. 2021-ல் தமிழ்நாடு அரசு அவருக்குத் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தில் வேலை கொடுத்தது.

இந்தக் கதையில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் ரியோ மைதானம் இல்லைங்க. பள்ளி மைதானம்தான். பள்ளியில் கம்பைத் தாண்ட விட்டிருக்காவிட்டால், அதற்கு மேல் எதுவுமே நடந்திருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-ல் 21 வகைக் குறைபாடுகள் சேர்க்கப்பட்டுள்ளன. விளையாட்டைப் பற்றி இரண்டு பிரிவுகளை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

பிரிவு 16: அரசு நிதியுதவி அல்லது அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குக் கல்வியோடு விளையாட்டு, பொழுதுபோக்கு வாய்ப்புகளையும் மற்ற பிள்ளைகளுக்குச் சமமாகத் தர வேண்டும்.

பிரிவு 30: மாற்றுத்திறனாளிகள் விளையாட்டில் பங்கேற்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். மைதானம், கருவி, பயிற்சி, நிதி, தனிப் போட்டிகள் எல்லாம் இதில் வரும்.

அதனால், "எம் பிள்ளையையும் விளையாட விடுங்க சார்" என்று கேட்கத் தயங்க வேண்டாம். அது உங்கள் பிள்ளையின் உரிமை.

சதவீதம் வேறு, பிரிவு வேறு

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் குழம்பிப் போகிறார்கள்.

மருத்துவக் குழு தருகிற மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் ஒரு சதவீதம் இருக்கும். 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால், சட்டப்படி பல சலுகைகளுக்குத் தகுதி வரும். தேசிய அடையாள அட்டையும் இந்த மதிப்பீட்டை வைத்துத்தான் வழங்கப்படுகிறது.

விளையாட்டில் பார்ப்பது வேறு. எந்தக் குறைபாடு, அந்தக் குறிப்பிட்ட விளையாட்டில் உடம்பின் அசைவை எவ்வளவு பாதிக்கிறது என்றுதான் அங்கே அளப்பார்கள். அதை வைத்து ஒரு பிரிவு ஒதுக்குவார்கள். இதற்குப் பெயர் வகைப்பாடு. குத்துச்சண்டையில் எடை பார்த்துப் பிரிப்பதைப் போலத்தான் இதுவும். ஒரு கையில் லேசான பலவீனம் உள்ளவரும் இரண்டு காலும் இயங்காதவரும் ஒரே கோட்டில் நின்றால் அது போட்டியாகாது.

இதனால் இரண்டு விஷயம் நடக்கலாம். சான்றிதழில் அதிக சதவீதம் உள்ள பிள்ளைக்குக் குறிப்பிட்ட விளையாட்டில் பிரிவே கிடைக்காமல் போகலாம். குறைந்த சதவீதம் உள்ள பிள்ளைக்குக் கிடைக்கவும் செய்யலாம். "40 தானே போட்டிருக்காங்க, இதுக்கெல்லாம் எடுப்பாங்களா?" என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள்.

பத்து வகைக் குறைபாடுகள்

பாராலிம்பிக் முறையில் பத்து வகைக் குறைபாடுகள் ஏற்கப்படுகின்றன. தசை பலக் குறைவு (இளம்பிள்ளை வாதம், தண்டுவடக் காயம் போன்றவற்றால் வருவது), மூட்டு மடங்காமை, கை அல்லது கால் இல்லாமை, கால் நீள வேறுபாடு, குள்ள உயரம், தசை இறுக்கம், அசைவில் ஒருங்கிணைப்பு இல்லாமை, தானாக வரும் அசைவுகள், பார்வைக் குறைபாடு, அறிவுசார் குறைபாடு. இதில் தசை இறுக்கமும் அதற்கு அடுத்த இரண்டும் பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளிடம் அதிகம் காணப்படும்.

குறைபாடு இருந்தால் மட்டும் போதாது. குறைந்தபட்ச அளவு ஒன்றும் உண்டு. தடகளத்தில் கால் நீள வேறுபாட்டுக்கு அது 7 சென்டிமீட்டர். இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து கணுக்காலின் உட்பக்க எலும்பு வரை படுக்க வைத்து அளப்பார்கள். குள்ள உயரப் பிரிவில் வயது வந்த ஆண்களுக்கு 145, பெண்களுக்கு 137 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. கை நீளமும் கணக்கில் வரும்.

தடகளப் பிரிவுகள்: எண்ணைப் படிப்பது எப்படி?

'டி' என்றால் ஓட்டமும் தாண்டுதலும். 'எஃப்' என்றால் எறிதல். பக்கத்தில் இருக்கும் எண்தான் குறைபாட்டைச் சொல்லும்.

• 11 முதல் 13: பார்வைக் குறைபாடு. 11-ல் பார்வை இல்லை அல்லது மிக மிகக் குறைவு. கண்ணை மறைத்துக்கொண்டு, வழிகாட்டி ஓட்டக்காரரோடு சிறு கயிற்றைப் பிடித்து ஓடுவார்கள்.
• 20: அறிவுசார் குறைபாடு.
• 31 முதல் 38: பெருமூளை வாதம் போன்ற ஒருங்கிணைப்புக் குறைபாடுகள். 34 வரை உட்கார்ந்து, 35 முதல் நின்று.
• 40, 41: குள்ள உயரம்.
• 42 முதல் 44: கால் குறைபாடு, செயற்கைக் கால் அணியாமல் போட்டியிடுபவர்கள்.
• 45 முதல் 47: கை குறைபாடு.
• 51 முதல் 57: சக்கர நாற்காலி அல்லது எறிதல் இருக்கையில் உட்கார்ந்து போட்டியிடுபவர்கள். ஓட்டத்தில் 54 வரை, எறிதலில் 57 வரை.
• 61 முதல் 64: செயற்கைக் கால் அணிந்து போட்டியிடுபவர்கள்.

ஒவ்வொரு தொகுதியிலும் எண் குறையக் குறையப் பாதிப்பு அதிகம் என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம்.

மாரியப்பன் ரியோவில் தங்கம் வாங்கியது டி-42 பிரிவில். 61 முதல் 64 வரையான எண்கள் 2018-ல்தான் வந்தன. அதனால் டோக்கியோவிலும் பாரிஸிலும் அவர் டி-63 போட்டியில் தாண்டினார். அந்தப் போட்டியில் செயற்கைக் கால் அணிந்த டி-63 வீரர்களும், அது இல்லாத டி-42 வீரர்களும் சேர்ந்தே களமிறங்குகிறார்கள். எண் மாறியது விதியால்தான். அவர் கால் மாறவில்லை.

"எம் பையனால எழுந்து நிக்கவே முடியாதே" என்கிற பெற்றோருக்கும் ஒரு செய்தி. கட்டை எறிதல் என்று ஒரு போட்டி இருக்கிறது. கழுத்துப் பகுதியில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, விரல்களில் பிடிமானமே சரியாக இல்லாதவர்கள் எஃப்-51 பிரிவில் மரக்கட்டையை எறிகிறார்கள். 2024 பாரிஸில் அந்தப் பிரிவின் தங்கம், வெள்ளி இரண்டையும் இந்திய வீரர்களே எடுத்தார்கள். கடுமையான பெருமூளை வாதம் உள்ளவர்களுக்கு போச்சா என்ற பந்து விளையாட்டு உண்டு. பந்தைக் கையால் போட முடியாவிட்டால், சாய்வுப் பலகையில் உருட்டிவிடலாம்.

விளையாட்டு மாறினால் பிரிவும் மாறும்

பாட்மிண்டனில் ஆறு பிரிவுகள். சக்கர நாற்காலிக்கு இரண்டு, கால் குறைபாட்டுக்கு இரண்டு, கை குறைபாட்டுக்கு எஸ்.யு.5, குள்ள உயரத்துக்கு எஸ்.எச்.6.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவியாக இருந்த துளசிமதி முருகேசன், 2024 பாரிஸில் எஸ்.யு.5 ஒற்றையரில் வெள்ளி வாங்கினார். அதே பிரிவில் மனிஷா ராமதாஸ் வெண்கலம். ஓசூரைச் சேர்ந்த நித்ய ஸ்ரீ சுமதி சிவன் எஸ்.எச்.6-ல் வெண்கலம். அந்த பாராலிம்பிக்கில் இந்தியா வாங்கிய 29 பதக்கங்களில், மாரியப்பனுடையதையும் சேர்த்து நான்கு தமிழ்நாட்டுக்கு வந்தன. அதில் மூன்றை வாங்கியவர்கள் பெண்கள். "பொம்பளைப் பிள்ளை, அதுவும் கை சரியில்லை, எதுக்கு அலையவிடணும்?" என்று சொல்கிற உறவினருக்கு இதையே பதிலாகச் சொல்லலாம்.

காது கேளாத பிள்ளைகளுக்கு எங்கே இடம்?

மேலே சொன்ன பத்தில் செவித்திறன் குறைபாடு இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அவர்களுக்குத் தனியாக டெஃப்லிம்பிக்ஸ் உள்ளது. நன்றாகக் கேட்கும் காதிலேயே 55 டெசிபல் அல்லது அதற்கு மேல் கேட்புத்திறன் இழப்பு இருக்க வேண்டும். போட்டியின்போது காது கேட்கும் கருவியைக் கழற்றிவிட வேண்டும். மதுரையைச் சேர்ந்த ஜெர்லின் அனிகா, 2022-ல் பிரேசிலில் நடந்த டெஃப்லிம்பிக்ஸில் பாட்மிண்டனில் மூன்று தங்கம் வாங்கியபோது பள்ளி மாணவிதான்.

அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு இரண்டு வழி. ஒன்று, ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ். எட்டு வயதிலிருந்தே சேரலாம். வயதையும் திறனையும் பார்த்துச் சமமானவர்களைக் குழுவாகப் பிரித்துப் போட்டி நடத்துவார்கள். இன்னொன்று, பாராலிம்பிக்கின் டி-20, எஃப்-20 பிரிவு. இதற்கு நுண்ணறிவு ஈவு 75 அல்லது அதற்குக் கீழே என்பதற்கும், அன்றாட வாழ்க்கைத் திறன்களில் குறைபாடு சிறு வயதிலேயே தொடங்கியது என்பதற்கும் உளவியல் நிபுணரின் அறிக்கை வேண்டும். தெலங்கானாவின் கூலித் தொழிலாளர் வீட்டுப் பெண் தீப்தி ஜீவன்ஜி, இந்தப் பிரிவில்தான் 400 மீட்டர் ஓடி பாரிஸில் வெண்கலம் வாங்கினார்.

வகைப்பாடு எப்படி நடக்கும்?

பிள்ளையும் பெற்றோரும் பயப்பட ஒன்றுமில்லை. மருத்துவர் அல்லது இயன்முறை மருத்துவர் ஒருவர், அந்த விளையாட்டு தெரிந்த நிபுணர் ஒருவர் என்று குறைந்தது இரண்டு பேர் கொண்ட குழு பார்க்கும்.

முதலில் மருத்துவ ஆவணங்கள். அடுத்து உடல் பரிசோதனை: தசை பலத்துக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள், மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று கோணமானி வைத்து அளப்பார்கள். பிறகு ஓடு, தாண்டு, எறி என்று செய்யச் சொல்லிப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் போட்டி நடக்கும்போதும் கவனிப்பார்கள்.

இது ஒரு தடவையோடு முடிந்துவிடாது. வளரும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் "மறுபடி பார்க்க வேண்டும்" என்ற குறிப்போடுதான் பிரிவு கொடுப்பார்கள். அடுத்த முறை எண் மாறலாம். 2021 டோக்கியோவில் வட்டெறிதலில் மூன்றாவதாக வந்த இந்திய வீரர் ஒருவருக்கு, மறுபரிசீலனையில் அந்தப் பிரிவு ஒதுக்க முடியாமல் போய் வெண்கலப் பதக்கமே கைவிட்டுப் போனது. அதனால் பழைய மருத்துவ ரிப்போர்ட், எக்ஸ்ரே எதையும் தூக்கிப் போடாதீர்கள். நல்ல பிரிவு கிடைக்கும் என்று நினைத்து, முடிந்ததையும் முடியாத மாதிரி செய்யச் சொல்லிப் பிள்ளைக்குச் சொல்லித் தராதீர்கள். அது ஊக்கமருந்து போலவே தண்டனைக்குரிய குற்றம்.

மாவட்ட அளவிலான போட்டிகளில் பெரும்பாலும் இவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்க மாட்டார்கள். கை-கால் குறைபாடு, பார்வை, செவித்திறன், அறிவுசார் குறைபாடு என்று பெரிய பிரிவுகள்தான் இருக்கும். இரண்டு காலும் பலவீனமான உங்கள் பையன், ஒரு விரல் மட்டும் இல்லாதவரோடு ஓடித் தோற்கலாம். அதைப் பார்த்து மனசை விட வேண்டாம். பாரா விளையாட்டின் உரிய பிரிவில் அதே பையன் முன்வரிசையில் இருக்கலாம்.

பெற்றோர் செய்ய வேண்டியவை

1. சான்றிதழ், தேசிய அடையாள அட்டை: இல்லையென்றால் முதலில் இதை வாங்குங்கள். இணையத்தில் விண்ணப்பிக்கலாம். மருத்துவக் குழு மதிப்பீடு செய்யும். பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒன்றியம்தோறும் நடக்கும் மருத்துவ முகாமிலும் இதற்கு வழி உண்டு. முகாம் தேதியை வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநரிடம் கேளுங்கள்.

2. பள்ளியில் பேசுங்கள்: உடற்கல்வி ஆசிரியர், தலைமையாசிரியர், சிறப்புப் பயிற்றுநர் மூவரையும் ஒன்றாகப் பாருங்கள். பிள்ளையால் முடிவதையும், மருத்துவர் வேண்டாம் என்றதையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

3. மாவட்டப் போட்டிகள்: தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் முதலமைச்சர் கோப்பையில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிப் பிரிவு உள்ளது. எந்தெந்தப் போட்டி, என்ன வயது என்பது ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்போடு வரும். ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்யலாம். டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் தினத்தையொட்டி நடக்கும் விளையாட்டுப் போட்டிகளைப் பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

4. அடுத்த படி: பிள்ளைக்கு ஆர்வம் இருந்தால், மாநில பாரா விளையாட்டுச் சங்கத்தில் பதிவு செய்ய வேண்டும். தேசியப் போட்டிகளுக்கு முன் வகைப்பாடு நடக்கும். வயதுச் சான்று, ஆதார், தேசிய அடையாள அட்டை, குறைபாட்டின் காரணத்தைச் சொல்லும் மருத்துவ அறிக்கை, புகைப்படம் ஆகியவற்றை ஒரே ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.

5. பணம் தடையானால்: கருவி, பயணம், பயிற்சிச் செலவுக்குத் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையில் விண்ணப்பிக்கலாம். விவரத்துக்கு மாவட்ட விளையாட்டு அலுவலரைப் பாருங்கள்.

ஆசிரியர்கள் நாளைக்கே செய்யக்கூடியவை

பெரிய கருவி எதுவும் வேண்டாம். பந்தை பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கட்டினால் உருளும்போது சத்தம் வரும். பார்வையில்லாத பிள்ளை அந்தச் சத்தத்தை வைத்து விளையாடும். ஒரு துண்டுக் கயிற்றின் இரண்டு முனைகளை இரண்டு பிள்ளைகள் பிடித்தால் வழிகாட்டி ஓட்டம் தயார். கைப்பந்து வலையைக் கீழே இறக்கி, 10 மீட்டருக்கு 6 மீட்டர் கட்டம் போட்டால், உட்கார்ந்து ஆடும் கைப்பந்துக்கு முழு வகுப்பும் சேர்ந்துகொள்ளலாம். அசையாத நாற்காலியைத் தரையில் உறுதியாகப் பொருத்திவிட்டால், நிற்க முடியாத பிள்ளை குண்டு எறியலாம். காது கேளாத பிள்ளைக்கு விசிலோடு ஒரு கொடியையும் அசைத்தால் போதும்.

பாதுகாப்பும் முக்கியம். டவுன் சின்ட்ரோம் உள்ள சில பிள்ளைகளுக்குக் கழுத்தெலும்பு இணைப்பு தளர்ந்திருக்கும். மருத்துவர் பார்த்துச் சொல்லும் வரை குட்டிக்கரணம், டைவ் வேண்டாம். தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்கு வியர்வை குறைவாக வருவதால் உடம்பு சீக்கிரம் சூடாகும். சேலத்து வெயிலில் காலை அல்லது மாலைதான் அவர்களுக்கு ஏற்ற நேரம். வலிப்பு நோய் உள்ள பிள்ளையைத் தண்ணீரிலும் உயரத்திலும் தனியாக விடக் கூடாது.

கடைசியாக ஒரு சந்தேகம்

"எல்லாரும் மாரியப்பன் ஆயிட முடியுமாங்க?" என்று கேட்பீர்கள். முடியாதுதான். மாற்றுத்திறன் இல்லாத பிள்ளைகளிலும் எல்லோரும் ஒலிம்பிக் போவதில்லை. ஆனாலும் அவர்களுக்குப் பி.டி. பீரியட் இருக்கிறது. ஓடி, விழுந்து, எழுந்து, தோற்று, ஜெயித்து வீட்டுக்கு வருகிறார்கள். மரத்தடிப் பிள்ளைக்கும் அது கிடைக்க வேண்டும். பதக்கத்தைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

இந்த வாரம் பள்ளிக்குப் போகும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "சார், பி.டி. பீரியட்ல எம் பிள்ளை என்ன பண்றான்?"